பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டால் வாழ முடியுமா?

முடியும். என் சித்தப்பா பெங்களூரு அல்சூரில் அப்படித்தான் இருக்கிறார். மெட்ரோவில் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்.

சாப்பாடு செரிப்பதும் சத்து ரத்தத்தில் சேர்வதும் பெரும்பாலும் சிறுகுடலில்தான். தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவதுதான் பெருங்குடலின் முக்கிய வேலை. அது இல்லாவிட்டால் மலம் கூழ் மாதிரி வரும். சிறுகுடலின் நுனியை வயிற்றில் திறந்து பை ஒட்டுவார்கள். சிலருக்குச் சிறுகுடலையே மடித்து உள்ளே பை தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள்.

சித்தப்பாவுக்கு வெளிப்பை. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுவார், கனம் கூடினால் ஒட்டு விட்டுவிடும். அவர் பட்ட பாடெல்லாம் தண்ணீரால்தான். ஒரு ஏப்ரல் வெயிலில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, தலை சுற்றியது. உடம்பில் உப்பு இறங்கியிருந்தது. வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் பை இன்னும் வேகமாக நிறையும், உப்பும் கூடவே போய்விடும். இப்போது ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்து எடுத்துப் போகிறார்.

தயிர்சாதம், வாழைப்பழம் மலத்தைக் கொஞ்சம் இறுக்கும். சோளக்கதிரையும் தேங்காய்த் துண்டையும் நன்றாக மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். வயிறு வலித்து, பையில் எதுவுமே வராமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.