வாசகர் கேள்வி – பதில்: வால்வும் அழுத்தமும்

கேள்வி: நெல் அவிக்கிற எங்கள் பொயிலர் 7 பாரில் ஓடுகிறது. நீராவி லைனுக்கு 1000 டபிள்யூ.ஓ.ஜி. என்று பொறித்த போல் வால்வைக் கடையில் தந்தார்கள். "ஆயிரமே இருக்கு, தாராளம்" என்கிறார்கள். பூட்டலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அந்த ஆயிரத்தை நம்பிப் பூட்ட வேண்டாம். அது பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) கணக்கு, ஏறத்தாழ 69 பார். ஆனால் அது குளிர்ந்த நிலையில் தண்ணீர், எண்ணெய், வாயுவுக்குச் சொன்ன எண். நீராவிக்கு அது பொருந்தாது. 7 பாரில் நீராவியின் சூடு 170 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் போல் வால்வுக்குள் இருக்கும் டெஃப்லோன் வளையம் இளகி, பந்தின் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கும். காலையில் சூடேறி இரவில் ஆறுகிற ஆலைகளில் இது இன்னும் கெதியாக நடக்கும். பிறகு வால்வை மூடினாலும் நீராவி கசியும்.

உடலின் மறுபக்கத்தைப் பாருங்கள். 150 டபிள்யூ.எஸ்.பி. என்று தனியாகப் பொறித்திருந்தால் அதுதான் நீராவிக்கான எண், சுமார் 10 பார். அப்படி இருந்தாலும் பிரதான லைனுக்கு, பல சுற்றுச் சுற்றி மெதுவாகத் திறக்கிற குளோப் வால்வையே நாங்கள் சொல்வோம். போல் வால்வு கால் சுற்றில் திறந்துவிடும். குளிர்ந்த குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை நீராவி ஒரே தள்ளாகத் தள்ளினால் அடி விழுவது அடுத்த குழாய் முழங்கையில். வார்ப்பு உருக்கில் கிளாஸ் 150 (அமெரிக்க அழுத்த வகுப்பு) வாங்குங்கள். 38 பாகையில் 19.6 பார் தாங்குவது 200 பாகையில் 13.8 பார்தான் தாங்கும், உங்களுக்கு அது போதும். கேட்காவிட்டாலும் ஒன்று: பொயிலருக்கும் அதன் சேஃப்டி வால்வுக்கும் இடையில் எந்த வால்வும் இருக்கவே கூடாது.

கேள்வி: 110 மி.மீ. டைப் 1000 பீவீசி லைன் பதித்து, கடைசியில் பி.என். 16 (16 பார் தரம்) கேட் வால்வு பூட்டியிருக்கிறோம். வால்வை மூடிவிட்டு 24 பாரில் சோதிக்கலாமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: 24 பார் என்பது தொழிற்சாலையில் வால்வின் உடலை மட்டும் சோதிக்கிற அளவு, அதாவது 16இன் ஒன்றரை மடங்கு. மூடிய வால்வின் இருக்கைக்கு 1.1 மடங்குதான், 17.6 பார். உங்கள் குழாயோ 10 பார் குழாய். லைனின் பலம் அதிலுள்ள மிகப் பலவீனமான பொருளின் பலம்தான். ஓடப்போகும் அழுத்தம் 6 பார் என்றால் 9 பாரில் சோதியுங்கள்.

வால்வையே முனையடைப்பாக வைக்காதீர்கள். அழுத்தம் இறங்கினால் கசிவது மூட்டா, வால்வா என்று தெரியாது. வால்வைப் பாதி திறந்து விட்டு, அதற்கப்பால் பிளைண்ட் பிளாஞ்ச் (முனையை அடைக்கும் தட்டு) அடியுங்கள். 9 பாரில் அந்த முனையைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 870 கிலோ. நம் கடற்கரை மணல் அதைப் பிடித்து வைக்காது, கொங்கிறீட் தாங்கல் வேண்டும்.

பசை மூட்டு 24 மணித்தியாலம் காயட்டும். பள்ளமான முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, மேடான இடங்களில் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். மூட்டுகளைத் திறந்து வைத்து, குழாயின் மற்றப் பகுதியை மண்ணால் மூடி, விடியற்காலையிலேயே தொடங்குங்கள். வெயில் ஏறினால் கேஜும் ஏறும். கசிவு இருந்தாலும் அந்த ஏற்றத்தில் மறைந்துவிடும். தண்ணீருக்குப் பதில் கொம்பிரசர் காற்றால் சோதிக்க எவராவது சொன்னால் வேலையை நிறுத்துங்கள். அமுக்கிய காற்றோடு பீவீசி வெடித்தால் துண்டுகள் பறக்கும்.

கேள்வி: 80 மி.மீ. பி.என். 16 கேட் வால்வுகளைக் கடையிலேயே சோதித்துக் கொடுக்க விரும்புகிறேன். எப்படி?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கைப்பம்ப், 40 பார் கேஜ், இரண்டு பிளைண்ட் பிளாஞ்ச் போதும். 250 பார் கேஜில் சிறிய இறக்கம் கண்ணுக்குத் தெரியாது.

வால்வைப் பாதி திறந்து நிரப்புங்கள். மூடி நிரப்பினால் பொனட்டுக்குள் (வால்வின் மேல்மூடி) காற்று தங்கிவிடும். 24 பாருக்கு ஏற்றி 60 விநாடி பிடியுங்கள். உடலிலோ பொனட் கஸ்கட்டிலோ ஈரம் கசிந்தால் அது கழிவு. கிளாண்டில் (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) கசிந்தால் நட்டை இறுக்கிப் பாருங்கள். அடுத்து வால்வை மூடி, ஒரு பக்கம் 17.6 பார் கொடுத்து, மறுபக்கத்தைத் திறந்து வைத்து 60 விநாடி பாருங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். ரப்பர் ஆப்பு வால்வில் ஒரு சொட்டும் வரக்கூடாது. உலோக இருக்கை என்றால், ஏ.பி.ஐ. 598 என்ற அமெரிக்க வால்வுச் சோதனைத் தரம் இந்த அளவுக்கு நிமிடத்துக்கு 12 சொட்டு வரை விடுகிறது.

சொட்டினால் கைச்சக்கரத்தில் குழாய்த் துண்டைச் செருகி முறுக்க வேண்டாம், தண்டு வளையும். பெரும்பாலும் அடியில் மணல்தான் இருக்கும். சற்றுத் திறந்து தண்ணீரைப் பாயவிட்டு மீண்டும் மூடிப் பாருங்கள். சோதனைச் சான்றிதழோடு வந்த வால்வு என்றால், தாளிலுள்ள தொடர் எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பொருந்தாத தாளால் பயனில்லை.

கேள்வி: பி.என். 10 பிளாஞ்சில் பி.என். 16 வால்வு பொருந்துமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: 150 மி.மீ. வரை பொருந்தும். 200 மி.மீ.இல் பி.என். 10க்கு 8 துளை, பி.என். 16க்கு 12. கிளாஸ் 150 வந்தால் கூடுதல் கவனம்: 100 மி.மீ.இல் இரண்டுக்கும் 8 துளைதான், ஆனால் துளை வட்டத்தின் விட்டம் பி.என்.இல் 180 மி.மீ., கிளாஸில் 190.5. துளையை அரம் போட்டு நீட்டிப் பூட்டினால் போல்ட் சரிந்து நிற்கும், கஸ்கட் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்.