தட்டி வாசிக்கும் கிற்றார்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறேன். பத்து வருடமாகக் கிற்றார் வாசிக்கிறேன். சிறு வயதில் நாலைந்து வருடம் வீணையும் பழகியதுண்டு. டொனி லெவின் என்ற இசைக்கலைஞர் ஸ்டிக் (தந்திகளை இரண்டு கையாலும் தட்டியே வாசிக்கும் கருவி) வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒன்றை வரவழைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் என்னிடமுள்ள எலெக்ட்ரிக் கிற்றாரிலேயே இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தேன். சத்தம் போதவில்லை. விரலை எடுத்ததும் வேண்டாத சுரம் ஒன்று ஒலிக்கிறது. அம்பை (அம்ப்ளிஃபயரை) கூட்டினால் ஒரே இரைச்சல். பிழை கிற்றாரிலா, என் கையிலா? ஸ்டிக்கில் இந்தத் தொல்லைகள் இல்லையா? கர்நாடக இராகங்களை இதில் கமகத்தோடு வாசிக்க முடியுமா?

க., வெள்ளவத்தை

*

அன்பின் க.,

மீட்டி வாசிப்பதற்காகச் சரிசெய்த கிற்றாரைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய மூன்று தொல்லைகளும் அதிலிருந்து வருபவை. ஸ்டிக்கை வாங்கினாலும் இவை தாமாகப் போய்விடாது. ஸ்டிக்கைச் செய்பவர்கள் இவற்றுக்கான மருந்தையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் முக்கால்வாசியை உங்கள் கிற்றாரிலேயே செய்துவிடலாம்.

முதலில் வேண்டாத சுரம். ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்திலுள்ள ஐந்தாம் மெட்டில், தட்டுகிறீர்கள் என்று வையுங்கள். விரல் இருக்கும்வரை, விரலுக்கும் பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பாலம்) இடைப்பட்ட பகுதியின் ஒலியைத்தான் பிக்அப் (தந்திக்குக் கீழுள்ள காந்த ஒலிவாங்கி) எடுக்கிறது. விரலை எடுத்த கணமே தந்தி முழு நீளத்துக்கும் விடுபட்டு, திறந்த தந்தியின் சுரம் கேட்கும். பக்கத்துத் தந்திகளும் சேர்ந்து முனகும். மீட்டி வாசிக்கும்போது இதை வலது உள்ளங்கை அமர்த்தி வைக்கும். இங்கே அந்தக் கையும் தட்டப் போய்விட்டதால் அமர்த்த ஆளில்லை. அதற்குத்தான் டாம்பர், தந்திகளை அமர்த்தி வைக்கும் பட்டை. ஸ்டிக்கில் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) ஒட்டி ஒன்று இருக்கும். உங்களுக்குத் தலைமுடி கட்டும் துணி பேண்ட் போதும். காலி வீதியில் எந்த ஃபான்ஸிக் கடையிலும் கிடைக்கும். தடித்ததாக, பஞ்சு போல அமுங்குவதாகப் பார்த்து வாங்கி, நட்டுக்கும் முதலாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே தந்திகளின் மேல் வருமாறு கழுத்தைச் சுற்றிப் போடுங்கள்.

அது தந்தியைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இறுக்கமாக இருந்தால் தந்தி முதலாம் ஃப்ரெட்டில் போய் அமர்ந்து அரைச் சுரம் ஏறி ஒலிக்கும். ஒலியை அடக்கப் போட்டது ஒலியை மாற்றித்தான் தரும். தளர்வாக இருந்தால் தடித்த தந்திகள் மட்டும் அடங்காமல் நிற்கும். இன்னொன்று, டாம்பர் போட்டபின் டியூனருக்குத் திறந்த தந்தி பிடிபடாது. பேண்டை நட்டுக்குப் பின்னால் தள்ளி, சுருதி சேர்த்து, பிறகு முன்னே இழுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி ஒருமுறை சரிபாருங்கள். அக்குஸ்டிக் கிற்றாரில் இதையெல்லாம் முயல வேண்டாம். அதிலுள்ள பீஸோ பிக்அப்பும் (காந்தமின்றி அதிர்வை நேரே எடுப்பது) மரப்பெட்டியும் விரலுக்குப் பின்பக்கத் தந்தியின் ஒலியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது சத்தம். தட்டும் விரல் தந்திக்குக் கொடுக்கும் சக்தி, மீட்டும் பிக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. உயரம் கூடிய தந்தியில் அந்தக் கொஞ்சமும் கீழே இறங்கும் வழியிலேயே வீணாகிறது. ஆகவே தந்தியைத் தாழ்த்த வேண்டும். முதலில் கழுத்தின் வளைவு. முதலாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர் போதும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ரொட்டை (கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பி) வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஓசை கேட்டுப் பதறுவோர் உண்டு. பிறகு பிரிட்ஜில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் மெல்லிய தந்திக்கு 1.2, தடித்த தந்திக்கு 1.5 மில்லிமீற்றர் வரும்வரை இறக்குங்கள். பெரும்பாலான கிற்றார்கள் இதைவிட உயரமாகத்தான் கடைக்கு வருகின்றன.

இவ்வளவு தாழ்த்தினால் மறைந்திருந்த குறையெல்லாம் வெளியே வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தந்தி கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது என்று அர்த்தம். மூன்று ஃப்ரெட்டுகள் மேல் வருமளவு குட்டையான உருக்கு அடிமட்டத்தை நேராக வைத்துப் பாருங்கள். ஊஞ்சல் போல ஆடினால் நடுவிலிருப்பதுதான் குற்றவாளி. அதை நீங்களே அரத்தால் தேய்க்கப் போகாதீர்கள், கிற்றார் திருத்துபவரிடம் கொடுங்கள். நட்டின் வெட்டும் ஆழமாக இருக்க வேண்டும். மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தும்போது முதலாம் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும்.

பிக்அப்பை மேலே ஏற்றிச் சத்தத்தைக் கூட்டலாம் என்று தோன்றும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி தடித்த தந்திக்குக் கீழே 2 மில்லிமீற்றர், மெல்லியதற்குக் கீழே 1.5 மில்லிமீற்றர், அதற்கு மேல் நெருங்க விடாதீர்கள். காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் அலையடிக்கும், எத்தனை தரம் டியூன் செய்தாலும் சேராது.

இனிக் கொம்பிரஸர், அதாவது ஓங்கிய ஒலியை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி. தட்டி வாசிப்பவர்களிடம் இல்லாமல் இருக்காத பெட்டி இது. விகிதம் 4:1, வெளியீட்டில் 6 டெசிபெல் அளவு கூட்டல், விடுவிப்பு நேரம் 100 முதல் 200 மில்லிசெக்கன் என்று தொடங்குங்கள். பிடிக்கும் நேரத்தை (அட்டாக்) குறைத்தால் விரல் ஃப்ரெட்டில் மோதும் ‘டக்’ ஒலி அடங்கும், கூட்டினால் அது முன்னால் வந்து நிற்கும். எது வேண்டும் என்பது உங்கள் ருசி. டிலே, ரிவேர்ப் போன்ற எதிரொலிப் பெட்டிகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

கொம்பிரஸர் சுரத்தோடு இரைச்சலையும் தூக்கும். உங்கள் மூன்றாவது தொல்லைக்கு இங்கேதான் வருகிறோம். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் கிற்றாரின் உட்குழிக்குக் கவசம் போதவில்லை. செப்பு ஒட்டுநாடா ஒட்டி அதை கிரவுண்டோடு ஈயம் பற்றவைத்து இணைத்தால் பெரும்பகுதி போகும். அலுமினியத் தாளும் மறைக்கும், ஆனால் அதில் ஈயம் ஒட்டாது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே அளவில் 50 ஹேர்ட்ஸ் முனகல் இருந்தால் கோளாறு மின்பக்கமாக இருக்கலாம். இரண்டு அம்ப்களை இரண்டு சுவர்ப் பிளக்குகளில் போட்டு இரண்டையும் ஒரே கருவிக்கு இணைக்கும்போது இது அடிக்கடி வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் போடுங்கள், அல்லது டி.ஐ. பெட்டியிலுள்ள (கருவியை மிக்ஸருக்கு இணைக்கும் இடைப்பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் முனகல் நிற்கும் என்று மேடையில் யாராவது யோசனை சொல்வார். உண்மைதான், நிற்கும். அம்பில் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் உங்கள் தந்திகளுக்கு வரும் என்பதும் உண்மை. அந்த வேலை வேண்டாம்.

இத்தனையும் செய்தபின் கை. புதிதாகத் தட்டுபவர்கள் சத்தம் போதாதென்று ஓங்கிக் குத்துவார்கள். இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வலிக்கும். அம்பைக் கூட்டிவிட்டு விரலை மெதுவாக விழ விடுங்கள். விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி விழ வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவில் விழுந்தால் அதே சுரத்துக்குக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். தொடர்மாடியில் இரவு வாசிப்பதென்றால் ஹெட்ஃபோன்தான், அதிலும் இதே நியாயம்.

கிற்றாரைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஸ்டிக்கின் மூலமே அதுதான். தட்டும் முறை பழையது. கிற்றார்க்காரர் ஜிம்மி வெப்ஸ்டர் 1952இலேயே அதற்கொரு பாடநூல் போட்டுவிட்டார். டேவ் பங்கர் 1950களில் அதற்கென்றே இரட்டைக் கழுத்துக் கிற்றார் செய்தார். ஸ்டிக்கை உருவாக்கிய எம்மெட் சாப்மன் 1969இல் செய்த புதுமை, கழுத்தை நிமிர்த்தி, இரண்டு கைகளின் விரல்களும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஃப்ரெட்டுகளுக்கு இணையாக வருமாறு வைத்தது. வலது கைக்கும் நான்கு விரல்களும் கிடைத்தது அதனால்தான். 1974இல் அவருடைய கருவி விற்பனைக்கு வந்தது. ஆகவே உங்கள் கிற்றாரின் வாரைக் குட்டையாக்கி, கழுத்தைக் குறைந்தது 45 பாகையாவது நிமிர்த்துங்கள்.

சுருதி அமைப்புக்கு ஸ்டான்லி ஜோர்டானைப் பின்பற்றலாம். சாதாரணக் கிற்றாரில், தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று எல்லாத் தந்திகளையும் நாலாம் சுர இடைவெளியில் வைத்து வாசிப்பவர் அவர். மேல் இரண்டு தந்திகளை அரைச் சுரம் ஏற்றினால் முடிந்தது. அரைச் சுரத்துக்கு இழுவிசை ஏறத்தாழ 12 சதவீதம் கூடும், 9–42 என்ற மெல்லிய தந்திச் செட் அதைத் தாங்கும். வீணை படித்த உங்களுக்கு இதன் இலாபம் உடனே புரியும். கீழ்த்தந்தியில் எங்கே ச வைத்தாலும், அடுத்த தந்தியில் அதே ஃப்ரெட் ம, இரண்டு ஃப்ரெட் மேலே ப. அதற்கடுத்த தந்தியில் அதே இரண்டு ஃப்ரெட் மேலே மேல்ச. ஒரு கட்டைச் சுருதிக்குத் தடித்த தந்தியின் எட்டாம் ஃப்ரெட், ஐந்து கட்டைக்கு மூன்றாம் ஃப்ரெட். பாடுபவர் மாறினால் கையை நகர்த்தினால் போதும், விரல் அமைப்பு மாறாது. இடது கை கீழ் மூன்று தந்திகளில் ச-ப-ச போட்டுக்கொண்டிருக்க, வலது கை மேல் மூன்றில் இராகத்தைப் பிடிக்கலாம். ஸ்டிக்கின் பழைய பத்துத் தந்தி அமைப்பில் பாஸ் பக்கம் ஐந்தாம் சுர இடைவெளியில் இருக்கும். அங்கே அடுத்த தந்தியின் அதே ஃப்ரெட்டே ப. நம் காதுக்கென்று யாரோ யோசித்துச் செய்ததுபோல!

கமகத்துக்கு வருவோம். ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) நன்றாக வரும், விரல் ஏற்கெனவே அழுத்திக்கொண்டுதானே இருக்கிறது. நீண்ட ஜாருவில் ஒலி தேய்ந்துவிடும், அங்கே கொம்பிரஸர் கைகொடுக்கும். ஒரு சுரத்தின் மேல் சிறு அசைவும் வரும். தடங்கல் பெரிய அசைவுகளில். தோடியின் காந்தாரத்தை எடுங்கள். ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அது ஆட வேண்டும், நான்கு அரைச் சுரங்களின் தூரம். வீணையில் மெட்டுக்குள் தந்தியை இழுத்து அதைச் சாதிக்கலாம். இங்கே தந்தி தாழ்ந்திருப்பதால், அவ்வளவு இழுத்தால் வளைந்த ஃபிங்கர்போர்டின் உச்சியில் தந்தி மோதிச் செத்துவிடும். ஃபிங்கர்போர்டின் வளைவு ஆரம் 7.25 அங்குலமோ 9.5 அங்குலமோ என்றால் இது சீக்கிரம் நடக்கும். 12 முதல் 16 அங்குலம் என்றால் தப்பலாம். ஆகவே தோடிக்கு இழுப்பை விட்டு, ஃப்ரெட்டுகளின் மேல் வழுக்கியே அசைக்கப் பழகுங்கள். வீணைக்காரர் காதுக்கு அது படிக்கட்டாகத்தான் கேட்கும், மறைப்பதற்கில்லை. மோகனத்திலும் ஹம்ஸத்வனியிலும் தொடங்குவது புத்தி.

அப்படியானால் ஸ்டிக் எதற்கு? உங்கள் கிற்றாரில் ஒரு சிக்கல் தீராமல் நிற்கும். ஆறு தந்தியும் ஒரே வயரில் போகின்றன. இடது கையின் தடித்த ச விழும்போதெல்லாம் கொம்பிரஸர் அதைப் பிடித்து, கூடவே மெலடியையும் அமுக்கும். கொம்பிரஸருக்கு முன்னால் அடி ஒலியைச் சற்று வெட்டினால் ஓரளவு ஆறும், முழுக்கப் போகாது. ஸ்டிக்கில் மெலடியும் பாஸும் தனித்தனி வெளியீடு. கிங் கிரிம்ஸன் என்ற ரொக் குழுவின் 1981ஆம் ஆண்டு ‘டிசிப்ளின்’ இசைத்தட்டில் லெவின் வாசிப்பதைக் கவனித்தால் இதன் அருமை தெரியும். அதே குழுவில் பிற்காலத்தில் ட்ரே கன் வாசித்த வார் கிற்றாருக்கு முழு உடல் உண்டு, மீட்டவும் செய்யலாம். மார்கஸ் ராய்ட்டரின் எட்டுத் தந்தி ‘டச்’ (Touch) கிற்றார், கிற்றார்க்காரர் கைக்கு இன்னும் பழக்கமானது. வீணையில் பழகிய விரல்களுக்கு என் தேர்வு ஸ்டிக்தான், அந்த ஐந்தாம் சுர பாஸுக்காகவே.

வாங்கினால் பாஸ் பக்கத்தைச் சின்னக் கிற்றார் அம்பில் போடாதீர்கள். அதன் அடித்தந்தி சி, 32.7 ஹேர்ட்ஸ், பாஸ் கிற்றாரின் ஈ தந்தியே 41.2தான். பாஸ் அம்ப் ஒன்று, அல்லது இரண்டு டி.ஐ. பெட்டிகள் வழியாக மிக்ஸருக்கு. கடற்காற்றை மறக்க வேண்டாம். மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் திறந்த வீட்டில் சாதாரணத் தந்தி சில வாரங்களில் சொரசொரக்கும். பூச்சுப் போட்ட தந்தி, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். அமெரிக்காவிலிருந்தே நாலு செட் தந்தியையும் அதே பார்சலில் கேட்டு வாங்குங்கள், பிறகு தனியாக வரவழைத்தால் சுங்கத்தில் இன்னொரு நாள் போகும்.

ஸ்டீரியோ வயரும் இரண்டு எடுங்கள். ஸ்டிக்கின் ஜாக்கில் சாதாரண மோனோ வயரைச் செருகினால் ஒரு பக்கம் கிரவுண்டோடு சேர்ந்து முழுக்க ஊமையாகிவிடும். கல்யாண மண்டபத்தில் அவசரத்தில் சவுண்ட்காரர் நீட்டுவது எப்போதும் மோனோ வயராகத்தான் இருக்கும். பாஸ் கேட்கவில்லை என்றால் கருவியைத் திறக்குமுன் அதைப் பாருங்கள்.