குப்பை டீச்சர் பதில்கள்

(குன்னூர்ப் பக்கம் தேயிலை ஆய்வகம் ஒன்றில் 22 வருடம் வேதியியலாளராக இருந்தவர். இப்போது கோத்தகிரியில், ஒரு பழைய தேயிலைக் கிடங்கில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் குப்பையை வைத்துக் கலை சொல்லித் தருகிறார். ‘குப்பை டீச்சர்’ என்பது பிள்ளைகள் வைத்த பெயர்.)

விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போய்விட்டீர்களாமே, வருத்தம் இல்லையா?
— வாசகர், மதுரை

விட்டது சம்பளத்தைத்தான். தேயிலை டிகாக்ஷனில் பொன்னிறம் தருவது தியாஃப்ளேவின், செம்பழுப்பு தருவது தியாரூபிஜின். இரண்டும் எத்தனை சதவீதம் என்று அளந்து நோட்டில் எழுதிவிட்டு, சாற்றை சிங்க்கில் கொட்டுவேன், வடிதாளைக் கூடையில் போடுவேன். அந்தத் தாள் காயும்போது விளிம்பில் ஒரு வளையம் விழும். விளிம்புதான் சீக்கிரம் காயும். நடுவில் இருக்கிற நீர் அந்தப் பக்கம் ஓடும். ஓடும்போது சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வளையத்தையாவது நின்று பார்த்தேனா என்றால், இல்லை.

ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருமுறை போனேன். சுவரில் நாற்பது ஐம்பது வளையங்கள், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை வரிசையாக ஒட்டியிருந்தார். எல்லாம் நான் தூக்கிப் போட்டவை. “எரிக்க மனசு வரல மேடம்” என்றார். என் நோட்டில்கூட அளவுகள் அத்தனை ஒழுங்காக இறங்கி வந்ததில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளியில் வண்ணம் வாங்கக் காசில்லை. பிள்ளைகளே மை தயாரிக்க வழி உண்டா?
— ஆசிரியர், ஈரோடு

உண்டு. துருப்பிடித்த ஆணிகளை ஒரு பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். நான் ஒருமுறை இறுக்கி வைத்தேன். மூடி உத்தரத்தில் போய் அடித்தது, சுவரெல்லாம் புள்ளி. வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள்தான் நான்.

அப்புறம் மூன்று ஸ்பூன் டீத்தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியாகச் சுண்டவைத்து வடிகட்டுங்கள். டீக்கடைச் சக்கை என்றால் இரண்டு கை நிறைய வேண்டும். ஆணித் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக விடும்போது பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். நாலாவது ஐந்தாவது சொட்டில் பழுப்பு கலங்கி, சாம்பலாகி, கறுக்கும். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேருவதால் வரும் கறுப்பு அது. எழுதும்போது வெளுப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், காற்றுப் பட்டதும் இன்னும் கறுக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு போட்டு வையுங்கள்.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கலந்து நம் முன்னோர் காய்ச்சிய மைதான். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே சங்கதி: துணியைக் கடுக்காயில் தோய்த்து, வெல்லத்தோடு புளிக்கவிட்ட இரும்புத் தண்ணீரால் வரைவார்கள். எங்கள் பிள்ளைகள் டீத்தூளுக்குப் பதில் சீகைமரப் பட்டையை ஊறவைக்கிறார்கள். தோல் பதனிட உதவும் பட்டை அது, துவர்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? ஒன்று, வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாது. முதல் வாரமே மூன்று அம்மாமார்கள் சண்டைக்கு வந்தார்கள்.

மகளுக்குப் பள்ளியில் ‘கழிவிலிருந்து கலை’ ப்ராஜெக்ட். கண்ணாடிப் பாட்டிலில் ஜிகினா ஒட்டிக் கொடுக்கலாமா?
— ஓர் அம்மா, கோவை

வேண்டாங்க. அப்படி ஒரு போட்டிக்கு நடுவராகப் போய் நொந்து வந்தவள் நான். மேஜை முழுக்கக் கடையில் வாங்கிய புது ஐஸ் குச்சி, புது தெர்மாகோல், புது ஜிகினா. விலை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. பாதி அம்மா அப்பா செய்தது என்பது தனிக்கதை.

பாட்டில் கழிவே இல்லை. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்தைத் தருகிறார்கள். தேயிலைத் தோட்டத்திலும் காட்டிலும் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. ஜிகினா ஒட்டினால் அதை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். மகளிடம் வீட்டுக் குப்பைக்கூடையை ஒரு பழைய பேப்பரில் கொட்டி, ஒவ்வொன்றையும் வரையச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் முடிந்தது. உங்களுக்கும் வேலை மிச்சம்.

உண்ணிச்செடியில் என்ன செய்யலாம் டீச்சர்?
— ஏழாம் வகுப்பு மாணவி, கூடலூர்

கண்ணு, நீ என்னைக் கேட்கிறாயா? உன் ஊர்ப் பக்கத்துப் பழங்குடிகளான பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் அந்தக் குச்சியில் முழு அளவு யானைகள் செய்து, 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. ஒவ்வொன்றும் உன் ஊர்ப் பக்கம் நடமாடும் ஒரு நிஜ யானையின் சாயல். அழகுக்கு வளர்க்கக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி, இப்போது புல் முளைக்க இடம்விடாமல் யானையின் மேய்ச்சலை மறிக்கிறது. அதே செடியில் யானை!

பெரியவர்களை வெட்டித் தரச் சொல். கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்தால் பட்டை உரியும், சூடு ஆறுவதற்குள் வளைத்தால் வளையும். அடுப்பு வேலை அம்மாவுடையது. பச்சைக் காயை வாயில் வைக்காதே, விஷம். முழு யானை இப்போது வேண்டாம். ஒரு காது மட்டும் செய்து எனக்குப் படம் அனுப்பு.

உங்கள் படைப்புகள் விற்பனைக்கு உண்டா?
— வாசகி, திண்டுக்கல்

உண்டு. அந்த வளையங்கள் மட்டும் கிடையாது. அவை அக்காவுடையவை. நானே விலைக்குக் கேட்டுப் பார்த்தேன், தரமாட்டேன் என்றுவிட்டார்.