இரண்டு லட்சம் ஓடிய டீசல் கார்: எந்த ஆயிலை மாற்றுவது, எந்த பில்லைக் கிழிப்பது?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். 2013 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மீட்டர் 2,10,000 கி.மீ. காட்டுகிறது. மாதம் ஐந்நூறு, அறுநூறு கி.மீ. ஓடினாலே அதிகம். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் (என்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது), பவர் ஸ்டியரிங் ஆயில், அடிப்பாகத்துக்குக் கோட்டிங் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கோ, "பழைய வண்டியில் கியர் ஆயிலை மட்டும் தொட்டுடாதீங்க, கியர் பாக்ஸே போயிடும்" என்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்: முதலில் பவர் ஸ்டியரிங் ஆயில் என்ற வரியை அடித்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது மின்மோட்டாரில் வேலை செய்யும் ஸ்டியரிங். அதற்கு ஆயிலும் கிடையாது, ஆயில் ஊற்ற டப்பாவும் கிடையாது. இல்லாத ஆயிலை மாற்றித் தருகிறேன் என்பவர்கள், இருக்கிற ஆயிலை எந்த லட்சணத்தில் மாற்றுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த எஸ்டிமேட் உங்கள் காரைப் பார்த்து எழுதியதல்ல. ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய எந்த வண்டி வந்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து இறங்கும் பட்டியல் அது. பாட்டிலில் வரும் ஃபிளஷ், கிளீனர் மருந்துகளை எவ்வளவு தள்ளினோம் என்பதில்தான் பல இடங்களில் சர்வீஸ் அட்வைசரின் மாத டார்கெட் இருக்கிறது. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மீட்டர். புரோக்கர் கை பட்ட வண்டியில் 2,10,000 என்ற எண்ணை நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீட்டரை ஒரு லேப்டாப்பை வைத்து வேண்டிய அளவுக்குக் குறைத்துவிடலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னால் பழைய சர்வீஸ் விவரம் எடுக்க முடியும். ஓனர் மாறிவிட்டார், சிஸ்டம் டவுன் என்று அலைக்கழிப்பார்கள். இரண்டு முறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த வண்டியில் எந்த ஆயிலும் எப்போதும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். தேதியை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கிலோமீட்டரைவிடத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். கடலோரத்தில் கொஞ்சமாக ஓடி, அதிகமாக நிற்கிற வண்டி, தினம் மதுரை போய் வருகிற வண்டியைவிட வேகமாகக் கெடும்.

என்ஜின் ஆயில்: 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்கு வருடம்தான் முதலில் வரும். கையேட்டில் எந்த கிரேடு எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் போடலாம் என்ற பேச்சைக் கேட்காதீர்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் உயிரும் அதே ஆயிலில்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி சலசலவென்று சத்தம் வந்தால் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த என்ஜினுக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் ஆயில் பிடிக்கும். நான்கு லிட்டருக்கு பில் போட்டால் மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லாத்தையும் ஊத்தியாச்சு சார்' என்று பதில் வந்தால் அது இன்னும் மோசம், அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதல்தான். காலி டப்பாவையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். நல்ல கம்பெனியின் காலி டப்பாவுக்கு விலை இருக்கிறது. அதில் எதை நிரப்பி மறுபடி விற்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிய மறுவாரமே ஆயில் கறுப்பாகிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். டீசல் என்ஜினில் கரி ஆயிலில் கலப்பது இயல்பு.

என்ஜினுக்குள் ஊற்றிக் கழுவும் என்ஜின் ஃபிளஷ் மருந்து வேண்டவே வேண்டாம். பல வருடம் உள்ளே ஒட்டியிருந்த கசடை ஒரே நாளில் அந்த மருந்து பெயர்த்தெடுக்கும். பெயர்ந்தது எங்கே போகும்? ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். அடைத்தால் டர்போவுக்கும் செயினுக்கும் ஆயில் போகாது. உள்ளே அழுக்கு இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், நல்ல ஆயில் ஊற்றி 3,000 கி.மீ.யிலோ ஆறு மாதத்திலோ ஃபில்டரோடு சேர்த்து மறுபடி மாற்றுங்கள். மெதுவாகக் கழுவிக்கொண்டு வந்துவிடும். வண்டி நன்றாக இழுக்கிறது, புகை இல்லை, மைலேஜ் குறையவில்லை என்றால் டீகார்பனைசிங்கும் இன்ஜெக்டர் கிளீனிங்கும் இப்போது தேவையில்லை.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் விஷயத்துக்கு வருவோம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேடியேட்டரைக் கொல்வது வெயிலல்ல, தண்ணீர். வழியில் சூடேறினால் பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் வாங்கி ஊற்றிவிடுகிறோம். உச்சிப்புளியிலிருந்து சாயல்குடி வரை பெரும்பாலான போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வாய்க்கு ஆகாதது என்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டுக்கு மட்டும் ஆகுமா? உள்ளே உப்புப் படியும், உலோகத்தை அரிக்கும், கடைசியில் அந்த மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போவதில் வந்து நிற்கும். அதற்கான செலவில் பத்து வருடத்துக்குக் கூலண்ட் வாங்கலாம். பழையதை முழுவதும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். கலந்தே வருகிற டப்பா என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெவ்வேறு வகையைக் கலக்கவும் கூடாது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரைகூட இறங்கலாம். அவசரத்தில் தொடர்ந்து அழுத்தும்போது உள்ளே ஆவியாகி பெடல் பொசுக்கென்று இறங்கும். ஆயில், லேபர் எல்லாம் சேர்த்தும் பெரிய தொகை ஆகாது. அதனால்தானோ என்னவோ உங்கள் 38,000 ரூபாய் பட்டியலில் இது இல்லை! வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது, அடியில் ஓடும் பிரேக் பைப் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாம்பன் காற்றில் அதுதான் முதலில் போகும்.

கியர் ஆயில் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் சமாசாரம். அந்த வகையில் உள்ளே கிளட்ச் தகடுகள் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். பல வருடம் மாற்றாமல் தேய்ந்துபோன பெட்டியில், தகடுகளிலிருந்து உதிர்ந்த தூள் அந்த ஆயிலிலேயே கலந்திருக்கும். அந்தத் தூள்தான் மிச்சமிருக்கும் பிடிப்பைக் கொடுக்கிறது என்றும், திடீரென்று புது ஆயில் போட்டால் வழுக்கும் என்றும் ஒரு பயம் உண்டு. அங்கேயும் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பெட்டிதான் அப்படி வழுக்கும், பழி மட்டும் ஆயில் மீது விழும். ஆனாலும் அந்த வகையில் யோசித்துச் செய்வது நல்லதுதான், மறுக்கவில்லை. உங்களுடையது மேனுவல். 2013 டீசல் டிசையரில் ஆட்டோமேட்டிக்கே வரவில்லை. பிற்பாடு வந்த, தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி.கூட உள்ளுக்குள் மேனுவல் பெட்டிதான், கியர் போடும் கையை மட்டும் எந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த எந்திரத்துக்குத் தனி ஆயில் உண்டு, அது உங்கள் கவலை இல்லை. ஆக, மேனுவல் பெட்டியில் பழைய ஆயில் காப்பாற்றும் என்பது வெறும் பேச்சு. தைரியமாக மாற்றுங்கள். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஜி.எல். 4 ரக கியர் ஆயில் கேட்டால், "அதைவிட ஒசத்தி" என்று ஜி.எல். 5 கொடுப்பார்கள். வாங்காதீர்கள், கியர் பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது. அப்புறம், வடிக்கும் நட்டைக் கழற்றும் முன் ஊற்றும் நட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். துருவில் அது இறுகிப்போயிருந்தால், ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க நேரிடும்.

இனி நான் நீங்கள் கேட்காததைச் சொல்லப்போகிறேன். மண்டபம் முதல் ராமேஸ்வரம் வரை யார் பழைய டீசல் கார் வைத்திருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கேனில் வருகிற படகு டீசலை வாங்காதீர்கள். மீனவர்களுக்கு அரசு வரிவிலக்கில் கொடுக்கும் டீசல் கடலுக்குப் போக வேண்டியது. அதில் ஒரு பங்கு இடைத்தரகர் கைக்குப் போய், ராத்திரியில் கேன் கேனாகக் கரையேறுகிறது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று கார்க்காரர்கள் வாங்குகிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அந்த டீசல் படகின் டேங்கிலும் பீப்பாயிலும் உப்புக்காற்றோடு கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மூடி சரியில்லாத பீப்பாயில் தேங்கியதும் அதில் சேரும். படகு என்ஜின்களில் பல பழைய வகை, கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் இருமிவிட்டு ஓடும். உங்களுடையது காமன் ரெயில். காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேலான அழுத்தத்தில், முடியளவு துளைகளில் டீசல் பீய்ச்சுகிறது. அந்தப் பம்புக்கு உயவு எண்ணெயும் அதே டீசல்தான். தண்ணீர் புகுந்தால் பம்ப் உராய்ந்து, அந்த இரும்புத்தூள் நான்கு இன்ஜெக்டருக்கும் போய்ச் சேரும். அப்போது 38,000 ரூபாய் போதாது. பிறகு இன்ஜெக்டர் கிளீனிங் என்று யாரிடம் போனாலும் பயனில்லை. இதைத் தடுக்க வேண்டியவர்களுக்குக் கேன் எந்தத் தெருவில் இறங்குகிறது என்று தெரியாதா? டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் வாங்கியதில்லை என்றாலும் முந்தைய ஓனர் என்ன ஊற்றினார் என்று தெரியாது. டீசல் ஃபில்டரை இப்போதே மாற்றுங்கள், அதன்பின் 20,000 கி.மீ. அல்லது ஒன்றரை வருடம். பழைய ஃபில்டரிலிருந்து வடிப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். அப்படி நின்றால் டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும். டேஷ்போர்டில் ஃபில்டரில் தண்ணீர் என்ற விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பங்கில் டேங்கர் இறக்கிக்கொண்டிருக்கும்போதும் நிரப்ப வேண்டாம்.

அடிப்பாகத்துக்குக் கோட்டிங் நல்லதுதான், ஆனால் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே கறுப்பு பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு அரிக்கும். எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலை எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வேண்டாம். வாட்டர் வாஷ் கடையில் கடைசியாக டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிப்பார்கள், அதையும் நிறுத்துங்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவ வேண்டும். உப்பு போர் தண்ணீரில் கழுவும் கடைக்குக் காசு கொடுப்பதற்கு, கழுவாமலே இருக்கலாம்.

ஏர் ஃபில்டர் விலை குறைவு, வருடம் ஒன்று மாற்றுங்கள். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். பேட்டரி முனைகளில் வாஸ்லைன் தடவுங்கள். வண்டி நாள்கணக்கில் நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், சமதளத்தில் கியரில் நிறுத்தி டயருக்குக் கல் வையுங்கள். இல்லாவிட்டால் பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

பணம் ஒரே மாதத்தில் புரளாது என்றால் முதலில் பிரேக் ஆயில், டீசல் ஃபில்டர், என்ஜின் ஆயில். அடுத்த மாதம் கூலண்ட். கியர் ஆயில் தீபாவளிக்குள் செய்தால் போதும்.