கேஸ் வருகிறது, தீ வரவில்லை: பயண அடுப்பு கேள்வி பதில்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை அடுப்பைப் பற்றியவை. பெட்டிபோல் இருக்கும்; பக்கவாட்டு அறையில் 220 கிராம் பியூட்டேன் கேனைப் படுக்கவைத்து லீவரை அழுத்திப் பூட்ட வேண்டும். பதில்களும் அந்த அடுப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: ஒரு வருடம் பரணில் கிடந்த அடுப்பை இப்போது எடுத்தோம். குமிழை முழுக்கத் திறந்தாலும் தீ சின்னதாகத்தான் எரிகிறது. நுனி மஞ்சளாக இருக்கிறது, பாத்திரம் கரிபிடிக்கிறது. பம்பு ஸ்டவ்வுக்குக் குத்துவதுபோல் பின் போட்டுக் குத்தலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பின் வேண்டாம். பம்பு ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகி வரும்போது துளையில் கரி படியும். அதற்காகவே துளைக்கு அளவெடுத்த பின் விற்றார்கள். கேஸ் அடுப்பின் ஜெட்டில், அதாவது கேஸ் சீறி வெளிவரும் சின்னத் துளையுள்ள துண்டில், அப்படிக் கரி சேர்வதில்லை. அதன் துளை ஏறக்குறைய 0.3 மி.மீ. விட்டம்தான். ஜெட் பித்தளை, பின் எஃகு. குத்தியதில் துளை 0.35 மி.மீ. ஆகிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும், கேஸும் அந்த அளவுக்குக் கூடும். காற்று நுழையும் வழியோ பழைய அளவில்தான் இருக்கும். அதன்பிறகு எத்தனை முறை சுத்தம் செய்தாலும் கரிபிடிப்பது நிற்காது, புது ஜெட்தான் வாங்க வேண்டும்.

அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லும் அறிகுறி ஜெட் அடைப்புபோல் தெரியவில்லை. ஜெட் பாதி அடைத்திருந்தால் தீ சிறுக்கும், ஆனால் பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். கேஸ் குறைந்தால் அது இழுத்துக்கொள்ளும் காற்றும் கூடவே குறைவதுதான் காரணம். மஞ்சள் நுனியும் கரியும் காற்றுப் பற்றாக்குறையின் அடையாளம். ஜெட்டிலிருந்து சீறிவரும் கேஸ், கலவைக் குழாயின் வாயருகே உள்ள திறப்புகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டுதான் பர்னருக்குப் போகிறது. பரணில் கிடந்த அடுப்பின் அந்தக் குழாய்க்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும். சில சமயம் குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும். நாலு நூல் வலை என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஓட்டம் மிக மெல்லிய அழுத்தத்தில் நடப்பது. வலையில் தூசி ஒட்டினாலே தடைப்பட்டுவிடும். முன்னே போக முடியாத கேஸ் காற்றுத் திறப்புகள் வழியாகப் பின்னுக்கு வழிந்து, அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே பற்றிக்கொள்ளவும் கூடும். உள்ளேயிருந்து உறுமல் சத்தம் கேட்டாலோ, தட்டுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தாலோ உடனே குமிழை மூடி லீவரைத் தூக்கிவிடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை இது. கேனைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். குமிழை மூடி, அடுப்பு ஆற அரைமணி நேரம் விடுங்கள். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். விளக்கோ அகர்பத்தியோ அருகில் எரியக் கூடாது. பாத்திரத் தாங்கியை எடுத்தால் பர்னரைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரியும், மாடலைப் பொறுத்து மேலேயோ அடியிலோ. அவற்றைக் கழற்றினால் பர்னரும் கலவைக் குழாயும் சேர்ந்து ஜெட்டின் மீதிருந்து உருவி வரும். இழுத்து வளைக்காதீர்கள். பால்புட்டி நிப்பிள் கழுவும் சின்ன பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு இரண்டு பக்கமிருந்தும் தேய்த்து எடுங்கள். பர்னர் தலையில் கஞ்சி பொங்கி வழிந்து அடைத்த துளைகளைச் சோப்பு வெந்நீரில் ஊறவைத்துப் பல்குச்சியால் திறக்கலாம். இங்கே துளைகள் பெரியவை, பயமில்லை. பர்னர் தலை அலுமினியம் என்றால் சோடா உப்போ வாஷிங் சோடாவோ போடாதீர்கள், கறுத்து அரித்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் தீ துடிக்கும்.

பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். பிறகும் தீ நீலமாக ஆனால் சிறியதாக இருந்தால் மட்டும் ஜெட்டைக் கழற்றுங்கள். அதன் அறுகோணத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் வேண்டும். பிளையரால் பிடித்தால் முனைகள் மழுங்கிவிடும். வால்வு உடலை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு திருகுங்கள். கழற்றிய ஜெட்டை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு மணி நேரம், பிசுக்கு அதிகமென்றால் ஓரிரவு ஊறவிடுங்கள். பிறகு கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பந்தாலோ சைக்கிள் பம்பாலோ, தீ வரும் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஊதுங்கள். தூசி வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். முன்பக்கம் தள்ளினால் குறுகலில் இன்னும் இறுகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு புள்ளி தெரிய வேண்டும். பிறை வடிவம் தெரிந்தால் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. அப்போது, பல மெல்லிய இழைகள் கொண்ட மின்வயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி நுழைக்கலாம். 24/0.2 என்று குறித்த வயரின் இழை 0.2 மி.மீ.; பித்தளையைவிட மென்மையானது, துளையைக் கீறாது. தடுத்தால் திணிக்காதீர்கள், மறுபடி ஊறவையுங்கள். சில ஜெட்டுகளின் பின்புறம் சன்னமான வலையோ துளைகள் நிறைந்த வெண்கலத் துண்டோ வடிகட்டியாக இருக்கும். அதைப் பிடுங்கி எறிந்தால் அன்றைக்குத் தீ நன்றாக எரியும், அடுத்த அடைப்பு நேராக ஜெட்டுக்கு வரும்.

திரும்ப மாட்டும்போது ஜெட்டுக்கு டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் பிய்ந்து துளைக்குள் போய் அடைத்த ஜெட்டுகள் ஏராளம். கேனைப் பூட்டிக் குமிழை மூடிய நிலையில் கேன் வாயிலும் வால்வு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஒரு குமிழி ஊதினாலும் பற்றவைக்கக் கூடாது.

கேள்வி: கொடைக்கானலில் டிசம்பர் மாதக் கூடாரம். காலையில் பத்து நிமிடம் நன்றாக எரிந்த அடுப்பு மெல்ல அடங்கிவிட்டது. கேனில் கேஸ் குலுங்குகிறது. மதியம் அதே அடுப்பு ஒழுங்காக எரிந்தது. உள்ளே எங்கே அடைப்பு?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எங்கேயும் இல்லை, அடுப்பைப் பிரிக்காதீர்கள். பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். 20 டிகிரியில் கேனுக்குள் வெளிக்காற்றைவிட சுமார் 1.1 பார் அதிக அழுத்தம் இருக்கும். 0 டிகிரியை நெருங்கும்போது அந்த மிகை அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அதோடு, திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் எரிய எரிய கேன் இன்னும் குளிரும். 5 டிகிரிக் காலையில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் உறைநிலைக்கு இறங்கிவிடும். கேன்மேல் பனித்துளி படிந்திருந்தால் இதுதான் காரணம்.

இரண்டு கேன் வைத்துக்கொண்டு, ஒன்று எரியும்போது மற்றதை ஸ்வெட்டருக்குள் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இரவில் கேனைப் போர்வைக்குள் வைத்தாலே காலைக் காப்பிக்குப் போதும். கேனை நெருப்பில் காட்டுவதும், கொதிநீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. அடிக்கடி மலைக்குப் போகிறவர்களுக்கு, ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, மேலே திருகிப் பொருத்தும் கேன் அடுப்பு பொருத்தமானது. ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 டிகிரியிலேயே, புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். எந்த அடுப்பானாலும் குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது 'டக்'கென்று லீவர் எகிறி அடுப்பு அணைகிறது. மறுபடி அழுத்தினால் நிற்பதில்லை. ஸ்பிரிங் போய்விட்டதா? லீவரைக் கயிற்றால் கட்டிவிடலாமா?
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். அது பழுதில்லை, உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கேன் சூடாகி உள் அழுத்தம் எல்லை மீறினால் கேனைத் தானாக விடுவிக்கும் அமைப்பு அது. பெரிய தோசைக்கல் கேன் இருக்கும் அறைக்கு மேலே நீண்டிருக்கும். கல்லின் சூடு நேரே கேனில் இறங்கும். பியூட்டேன் கேன்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். கேன் அறையைத் தொடாத அளவுக்குச் சின்னக் கல் போடுங்கள். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து அகலமான அண்டா ஏற்றுவதும் இதே ஆபத்துதான். கேன் முழுக்க ஆறிய பிறகும் லீவர் நிற்கவில்லை என்றால், கேன் கழுத்திலுள்ள வெட்டு அடுப்பின் குறியோடு பொருந்தி மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு கீழே போனால் ஆவிக்குப் பதில் திரவம் வரும்; தீ ஆளுயரம் எழும்பும்.

கேள்வி: 'டிக்' சத்தம் வருகிறது, பற்றுவதில்லை. தீக்குச்சி காட்டினால் எரிகிறது.
- வாசகி, சேலம்

பதில்: கேஸ் வழி சரியாக இருக்கிறது. பொறி பாயும் கம்பி நுனிக்கும் பர்னருக்கும் 3 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். பிரஷ்ஷால் தேய்க்கும்போது கம்பி வளைந்திருக்கலாம். வெள்ளைப் பீங்கானில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் துடையுங்கள். பீங்கான் விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: குமிழ் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா? கேன் வாயிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது, சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டால் போதுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நாளானால் பிசினாகி வால்வையும் ஜெட்டையும் சேர்த்தே அடைக்கும். கேஸ் வால்வுக்கென்று விற்கும் கிரீஸைக் குண்டூசித்தலை அளவு தடவினால் போதும். வளையம் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். சைக்கிள் டியூப் ரப்பர் பியூட்டேனில் ஊறி உப்பி நெகிழ்ந்துவிடும். மாட்டிய அன்று கசியாது, சில நாளில் கசியும். பழைய வளையத்தைக் கையோடு எடுத்துப்போய் அதே உள்விட்டம், அதே தடிமன் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: காலி கேன்களை வீட்டு சிலிண்டரிலிருந்து அடாப்டர் வைத்து நிரப்பிக்கொள்கிறோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெட் பிசுபிசுவென்று அடைக்கிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?
- வாசகர், ஓசூர்

பதில்: உண்டு, நிரப்புவதை இன்றோடு நிறுத்துவதுதான். உங்கள் ஜெட்டை அடைப்பதே அந்தப் பழக்கம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்போது மேலேயுள்ள ஆவி மட்டும் வெளியே வரும். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் அடியில் தங்கிவிடும். கேன் நிரப்புகிறவர்கள் திரவம் வரவேண்டுமென்று சிலிண்டரைக் கவிழ்க்கிறார்கள். அடியில் கிடந்ததெல்லாம் கேனுக்குள் வந்துவிடுகிறது. கேனையும் தளும்ப நிரப்பிவிட்டால், ஆவி எடுக்க வேண்டிய குழல் திரவத்துக்குள் மூழ்கி, அந்தப் பிசுக்கை அப்படியே அடுப்புக்குள் அனுப்பும். அது அழுத்தம் குறைக்கும் கவர்னர் வரை போயிருந்தால், ஜெட்டை எத்தனை முறை கழுவினாலும் திரும்ப அடைக்கும். கவர்னரை வீட்டில் பிரிக்க முடியாது, கூடாது, அடுப்பையே மாற்றுங்கள்.

அடைப்பு சின்ன விஷயம். வீட்டு கேஸில் புரொப்பேனும் கலந்திருக்கிறது. 40 டிகிரியில் தனி பியூட்டேன் கொடுப்பது 4 பாருக்குள். தனி புரொப்பேன் 13 பாரைத் தாண்டும். கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்த மெல்லிய தகட்டுக் கேன் அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. தளும்ப நிரப்பிய கேனில், வெயிலில் விரியும் திரவத்துக்கு இடமே இருக்காது, தகடு பிளக்கும். நிரப்பும்போது கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி பக்கத்து அறையிலுள்ள ஃப்ரிட்ஜ் பொறியில்கூடப் பற்றும். 2000ஆம் ஆண்டின் எல்பிஜி ஒழுங்குமுறை ஆணைப்படி இப்படி மாற்றி நிரப்புவது குற்றமும்கூட. நிரப்பிய கேன் மிச்சமிருந்தால் அடுப்பில் பொருத்தாமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் கேஸ் ஏஜென்சியிடம் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: குழுவாக ரயிலில் யாத்திரை போகிறோம். சுத்தம் செய்த அடுப்பையும் நாலு கேனையும் பையில் கொண்டுபோகலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, பயணிகள் உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால்தான். ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. விமானத்திலும் கேன் ஏற்ற முடியாது. சொந்த வண்டியில் போவதானால் கேனை அடுப்பிலிருந்து கழற்றி, மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரயிலில் போவதானால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.