வகுத்திகளை இடம் மாற்றினால் மீதியும் மாறுகிறதே?

கேள்வி: இரண்டு மாறிகள் உள்ள பல்லுறுப்புக்கோவையை இரண்டு வகுத்திகளால் வகுக்க ஒரு நிரல் எழுதினேன். வகுத்திகளை முன்பின்னாகக் கொடுத்தால் வேறு மீதி வருகிறது. எங்கே தவறு?

பதில்: நிரலில் தவறு இல்லாமலேகூட இப்படி வரும். பள்ளியில் ஒரே மாறியை வைத்து நீள்வகுத்தல் போட்டபோது மீதி ஒன்றே ஒன்றுதான். மாறியும் வகுத்தியும் ஒன்றுக்கு மேல் போனால் அந்த உறுதி கிடையாது.

தாளில் போட்டுப் பாருங்கள். மாறிகள் ப, ம. பம² என்பதை பம − 1, ம² − ப இரண்டாலும் வகுக்க வேண்டும். படி அதிகமுள்ள உறுப்பைத் தலை உறுப்பு என்போம். ஆக, தலைகள் பம, ம². முதல் வகுத்தியை ம-ஆல் பெருக்கிக் கழித்தால் மிஞ்சுவது ம. அதை விட்டு இரண்டாவதை ப-ஆல் பெருக்கிக் கழித்தால் மிஞ்சுவது ப². இரண்டுமே அதற்கு மேல் வகுபடாது. சரி, எது உண்மையான மீதி? இரண்டும்தான்!

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: ப² − ம. இது அந்த இரண்டு வகுத்திகளிலிருந்தே பிறந்தது, ஆனால் இதன் தலையை இரண்டாலும் வகுக்க முடியவில்லை. அதனால் இதையே மூன்றாவது வகுத்தியாகச் சேர்த்துவிடுங்கள். இப்போது ப² என்று நின்றதும் ம ஆகிவிடும். எந்த வரிசையில் வகுத்தாலும் மீதி ம.

இதைப் பொதுவான வழிமுறையாக்கியவர் ஆஸ்திரியாவின் புருனோ புக்பெர்கர், 1965-இல், தன் முனைவர் பட்ட ஆய்வில். வகுத்திகளை இரண்டிரண்டாக எடுத்து, தலைகள் அடிபடும்படி கழித்து, வருவதை வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி பூஜ்யம் இல்லையென்றால் அதையும் சேர்க்க வேண்டும். நம் கணக்கு மூன்றோடு நின்றுவிட்டது. பெரிய கணக்குகளில் பட்டியல் கணினியே திணறும் அளவுக்கு வீங்கலாம். கடைசியில் கிடைக்கும் தொகுப்புக்குத் தன் வழிகாட்டி குரோப்னரின் பெயரையே வைத்தார்: குரோப்னர் அடித்தளம்.

பைத்தான் மொழியில் சிம்பை (SymPy) என்ற கணித நூலகம் இதைச் செய்து தரும். ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் தலையைத் தேர்ந்தெடுக்க அது அகராதி வரிசையை, அதாவது மொத்தப் படியைப் பார்க்காமல் முதல் மாறியின் அடுக்கை முதலில் பார்க்கும் முறையை, எடுத்துக்கொள்ளும். அதில் ப முன்னால் என்றால் ம² − ப-வின் தலை ப ஆகிவிடும். விடையும் ப − ம², ம³ − 1 என்று வேறு தொகுப்பாக வரும். வரிசையைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

அப்புறம், ஒரு சந்தேகம். தலை உறுப்பு வகுபடவில்லை என்றதும் உங்கள் நிரல் நின்றுவிடுகிறதா? நிற்கக் கூடாது. அந்த உறுப்பை மீதிக்குத் தள்ளிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போக வேண்டும். மீதியில் உள்ள ஏதாவது ஓர் உறுப்பு ஏதாவது ஒரு தலையால் வகுபட்டால், அது நிஜமாகவே நிரலின் பிழை.