அப்பா பிடிவாதக்காரரா, வைராக்கியசாலியா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மறைந்த அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறோம். ‘பிடிவாதக்காரர்’ என்று எழுதியிருந்தேன். அத்தைக்குக் கோபம், ‘வைராக்கியசாலி’ என்று மாற்றச் சொல்கிறார். ஊருக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டுமென்று நான்கு வருடம் தாலுகா ஆபீசுக்கு நடந்தவர் அப்பா. வாய்க்கால் தகராறில் சித்தப்பாவோடு கடைசிவரை பேசாமலும் இருந்தார். எந்தச் சொல் சரி?”

அத்தைக்கு இருவருமே உடன்பிறந்தவர்கள். அவர் காதில் ‘பிடிவாதக்காரர்’ சித்தப்பா விஷயமாகத்தான் விழுந்திருக்கும். அந்தச் சொல்லின் குணம் அப்படி. வேண்டாம் என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் கேட்காமல் நின்றால்தான் ‘பிடிவாதம்’ வருகிறது. பெரும்பாலும் சொல்லிப் பார்த்து அலுத்தவர் வைக்கும் பெயர் அது. பிடி தமிழ், வாதம் வடசொல். அதற்கு மேல் ‘பிடிவாதம் பிடித்தார்’ என்று இன்னொரு பிடியையும் போடுகிறோம். பிழையில்லை, வழக்கு அதுதான்.

வைராக்கியம் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ராகம் என்றால் ஆசை, பற்று; அது நீங்கிய நிலை வைராக்கியம். மயான வைராக்கியம் என்பார்களே, சுடுகாட்டில் ‘என்னய்யா வாழ்க்கை’ என்று தோன்றி, வீட்டுக்கு வந்து குளித்ததும் காணாமல் போகிற துறவு, அங்கே பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பேச்சு வழக்கில் அது மன உறுதியாகிவிட்டது. காப்பியை விட்டேன் என்றால் விட்டேன்தான் என்று இருப்பவரை வைராக்கியக்காரர் என்கிறோம். ஒன்று பிடித்துக்கொள்வதில் பிறந்தது, மற்றது விடுவதில். இன்று இரண்டும் பக்கத்து வீடுகள்.

பாதைக்கு நடந்ததை வைராக்கியம் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கென்னவோ ‘விடாப்பிடி’ இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அதில் புகழ்ச்சி தூக்கலாக இல்லை, பழியும் இல்லை, நடந்த கால் தெரிகிறது. ‘ஒற்றைக் காலில் நின்று வாங்கினார்’ என்பதும் நன்றாக இருக்கும். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் தவசி நிற்கிற கோலம்தானே அது. அதே பாறையில் ஒரு பூனையும் தவக் கோலத்தில் நிற்கிறது, அதை விடுங்கள்.

அடம் வேண்டாம், அது குழந்தைகளுக்கு. முரண்டு மாட்டுக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும். சித்தப்பாவோடு பேசாதிருந்தது வீம்பு. அதாவது, காரணம் மறந்த பிறகும் இறங்கி வர மனமில்லாதது. மலரில் அது எதற்கு?

‘பிடிவாதக்காரர்’ என்றே எழுத ஆசையிருந்தால், காரியத்தை முன்னால் வையுங்கள்: “ஊருக்குப் பாதை கிடைக்கும்வரை நான்கு வருடம் நடந்த பிடிவாதக்காரர்.” இப்படி எழுதினால் அத்தை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம், அச்சுக்கு அனுப்பும்முன் அந்த ‘க்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிடிவாதகாரர்’ என்று ஒற்றில்லாமல் பல இடங்களில் வருகிறது.